கோக்கினியாவிலிருந்து ஒரு தயிர்க் கடிதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை அவர் கையில் கொடுத்துவிடாதே, நீயே விடு. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று உன்னோடு பள்ளிக்கூட வாசலில் நின்றவன் நான்.

இங்கே வேலை நெருக்குகிறது. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பெராமாவில் இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் பழுதுபார்க்க வந்து நிற்கின்றன. காலை ஆறரைக்குப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. வெயிலும் சரியான வெயில். 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அக்ரோபோலிஸைக்கூட மதியத்தில் மூடிவைக்கிறார்கள். இந்த மாதிரி நாட்களில் வந்து அடுப்புப் பற்றவைக்க மனசு வராது. குளிர்ந்த தயிரும் ஒரு துண்டு ரொட்டியும் போதும் என்றிருக்கும். அதனால் நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த கேள்விக்கு இன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கிரேக்கர்களின் கெட்டித் தயிர்ப் பண்டமான ஸாட்ஸிக்கி செய்து பார்த்தாயாம். தயிர், வெள்ளரிக்காய், பூண்டு எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டாயாம். பிள்ளைகள் "இது பச்சடிதானேப்பா" என்றார்களாம். மறுநாள் காலையில் பார்த்தால் கிண்ணத்தில் பாதி தண்ணீராம். தப்பு ஒரே இடத்தில்தான், மாப்ள. நீ தண்ணீரை எடுக்கவில்லை. இந்தச் சமையலில் அதைவிடப் பெரிய வேலை கிடையாது. தயிரிலிருந்தும் எடுக்க வேண்டும், வெள்ளரிக்காயிலிருந்தும் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் கலந்து வைப்பதுதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டு ஆச்சி. வீட்டுச் சொந்தக்காரர், எண்பத்திரண்டு வயது. நேரில் 'கிரியா' என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், மனசுக்குள் ஆச்சிதான். நான் குடியிருக்கும் நிக்கேயாவை இந்த வயதுக்காரர்கள் இன்னமும் கோக்கினியா என்றே சொல்கிறார்கள். இது அகதிகள் கட்டிய ஊர். 1922இல் ஸ்மிர்னா நகரம், இப்போது துருக்கியில் இஸ்மிர் என்கிறார்களே, அது எரிந்தது. அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தின் லோசானில் உடன்படிக்கை போட்டு, துருக்கியில் இருந்த கிறிஸ்தவர்களையும் கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்களையும் இடம் மாற்றினார்கள். போரில் தப்பி ஓடிவந்தவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலருக்குத் துருக்கி மொழிதான் வீட்டு மொழி. ஆச்சியின் அம்மா ஏழு வயதுப் பிள்ளையாக ஸ்மிர்னாவிலிருந்து கப்பலேறி வந்தவர். கையில் ஒரு தலையணை உறை மட்டும் இருந்ததாம். அந்த அம்மா சாகும்வரை இந்தப் பண்டத்தை 'ஜாஜிக்' என்றே சொன்னாராம். துருக்கியில் இன்றும் அதுதான் பெயர். ஸாட்ஸிக்கி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். துருக்கியர்கள் தண்ணீர் விட்டுத் தளர்த்திக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிப்பார்கள். சைப்ரஸில் 'தலத்தூரி' என்று பெயர், காய்ந்த புதினா போடுவார்கள். பல்கேரியாவில் வால்நட் தட்டிப்போட்டுக் குளிர்ந்த சூப்பாகவே ஆக்கிவிட்டார்கள். இங்கே கிரேக்கர்கள் மட்டும் ரொட்டியில் அள்ளினால் வழியாத அளவுக்குக் கெட்டியாக்கினார்கள். உன் பிள்ளைகள் பச்சடி என்று சொன்னதும் நியாயம்தான். சோற்றில் பிசைய நாம் தயிரைத் தளர்த்துகிறோம், ரொட்டிக்கு இவர்கள் இறுக்குகிறார்கள்.

சரி, தயிருக்கு வருகிறேன். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'கிரீக் யோகர்ட்' என்று டப்பாவில் விற்பதை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பெயருக்காகப் பிரிட்டனில் ஒரு வழக்கே நடந்தது. அமெரிக்காவில் செய்த தயிரை அந்தப் பெயரில் அங்கே விற்கக் கூடாது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் ஊரில் வாங்குவதாக இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படி. பாலும் உறையும் மட்டும் இருந்தால் சரி. ஸ்டார்ச், ஜெலட்டின் என்று ஏதாவது இருந்தால் அது தண்ணீரை வடித்துக் கெட்டியானது இல்லை, பிடித்துவைத்துக் கெட்டியானது.

ஆனால் உனக்கு டப்பாவே வேண்டாம். இங்கே பழைய முறையில் செம்மறியாட்டுப் பாலில் தயிர் போடுவார்கள். அதில் கொழுப்பு 6, 7 சதவீதம் இருக்கும். உன் தெருவில் இன்னும் எருமைப்பால் கறந்து கொடுக்கிறார்களே, அதுவும் அந்த அளவுக்குக் கொழுப்புள்ள பால்தான். இங்கே செம்மறித் தயிரை மண்சட்டியில் உறைய வைத்து, மேலே திரண்ட ஆடையோடு விற்கிறார்கள். அந்த ஆடைக்கு 'பெத்ஸா' என்று பெயர். முதல் தடவை அதைக் கரண்டியால் வழித்தபோது எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. உறியிலிருந்து சட்டியை இறக்கி, ஆடையை இரண்டாக வகுந்து, உனக்கு ஒரு பாதி எனக்கு ஒரு பாதி என்று உள்ளங்கையில் வைப்பாரே. விடுதியில் தயிர் என்ற பெயரில் ஊற்றிய வெள்ளைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு ஓடிவருவதே அதற்காகத்தான். அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவருக்கே எழுதியிருப்பேன்.

ஒரு கிலோ தயிரை எடுத்துக்கொள். புளிக்காத தயிர், முந்தின நாள் இரவு உறைந்தது. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து வடிதட்டின் மேல் விரித்து, தயிரைக் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து முடி. கீழே ஒரு பாத்திரம் வை. ஆச்சி அதைச் சமையலறைக் குழாயிலேயே தொங்கவிடுவார். நம் ஊர் வெக்கையில் அப்படிச் செய்யாதே, வடிவதற்குள் புளித்துவிடும். அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. ராத்திரி வைத்தால் காலையில் பாதி எடையாக நிற்கும். துணியைப் பிரித்தால் தயிர் கரண்டியில் நிமிர்ந்து நிற்க வேண்டும். கீழே வடிந்த தண்ணீரைக் கொட்டாதே, சப்பாத்தி மாவு பிசை. இந்தத் துணிக்கு இங்கே 'த்ஸாந்தீலா' என்று பெயர். எரிச்சலுக்கும் இவர்கள் மொழியில் அதே சொல். ஆச்சி என்னைத் திட்டும்போது ஒன்றும் துணியைக் கேட்கும்போது ஒன்றுமாக அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் கற்றுக்கொண்டேன்.

இனி வெள்ளரிக்காய். நீ கோட்டைவிட்டது இங்கேதான். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். முற்றிய காய் என்றால் நீளவாக்கில் பிளந்து விதையைக் கரண்டியால் வழித்துவிடு. தேங்காய் துருவுகிற மாதிரி பொடியாகத் துருவாதே, கூழாகிவிடும். கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவி, உப்புப் போட்டுப் பிசிறி, அரை மணி நேரம் சும்மா விடு. உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

அப்புறம் பிழிய வேண்டும். இதைத்தான் ஆச்சியிடம் பார்க்க வேண்டும். முதல் நாள் நான் பிழிந்து முடித்துவிட்டேன் என்று கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் மூடி அழுத்தினார். மூட்டெல்லாம் புடைத்த கை, ஒரு விரல் நிமிரவே நிமிராது. மணிக்கட்டு வழியாகப் பச்சைத் தண்ணீர் முழங்கை வரைக்கும் ஓடியது. "ஸ்தீப்ஸே" என்றார். பிழி என்று அர்த்தம். திரும்பப் பிழிந்தேன். திரும்பவும் "ஸ்தீப்ஸே". நான்காவது தடவை ஒரு சொட்டும் விழவில்லை. பெரிய வெள்ளரிக்காய் ஒன்று, கடைசியில் எலுமிச்சம்பழம் அளவு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதை விரலால் உதிர்த்து ஒரு நார் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். மெல்லும்போது நறுக்கென்று இருக்க வேண்டும், ஈரம் நாக்கில் படக் கூடாது.

பூண்டை மிக்ஸியில் போடாதே, மாப்ள. பூண்டு நசுங்கும்போதுதான் அதன் காரம் பிறக்கிறது. எவ்வளவுக்கு நசுங்குகிறதோ அவ்வளவு காரம். மிக்ஸியில் போட்டால் கசப்பாகவும் திரும்பிவிடும். தயிரும் அந்தச் சுழற்சியில் கட்டு விட்டு நீர்த்துப்போகும். அரைக் கிலோ கெட்டித் தயிருக்கு இரண்டு பல் போதும். நாட்டுப் பூண்டு என்றால் பல் சிறிசாக இருக்கும், நான்கு வை. நடுவில் பச்சை முளை இருந்தால் கிள்ளி எறிந்துவிடு. கல் உப்போடு சிறு உரலில் தட்டி விழுதாக்கி, ஒரு கரண்டி வினிகரில் பத்து நிமிஷம் ஊறவை. புளிப்புப் பட்டதும் காரத்தின் முனை மழுங்கிவிடும், வாசனை நிற்கும். சிவப்பு ஒயின் வினிகர் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் நாலு சொட்டு எலுமிச்சை. ஊறுகாய்க்கு ஊற்றும் வெள்ளை வினிகர் வேண்டாம், தொண்டையைப் பிடிக்கும்.

அந்தப் பூண்டு வினிகரில் மூன்று மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை விட்டுக் கலக்கு. ஆச்சி வருஷத்துக்கு 17 லிட்டர் தகர டின்னாக வாங்கி வைக்கிறவர், அளந்து ஊற்றிப் பார்த்ததே இல்லை. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயில் ஒரு தடவை செய்து பார்த்தேன். எள் வாசனை மேலேறி, கடைசியில் போடும் கீரையின் வாசனையை மூடிவிட்டது, அது சரிப்படாது. பிறகு தயிரைப் போட்டு முள்கரண்டியால் மெதுவாகப் புரட்டு, அடிக்காதே. பிழிந்த வெள்ளரியைத் தூவிச் சேர். கடைசியில் 'ஆனிதோஸ்', அதாவது நம் சதகுப்பைக் கீரையைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி. கீரை கிடைக்காவிட்டால் சைப்ரஸ்காரர்கள் மாதிரி நிழலில் உலர்த்திய புதினாவை நொறுக்கிப் போடு. உப்பைக் கடைசியில் பார், வெள்ளரியில் ஏற்கெனவே இருக்கும். தாளிக்கக் கூடாது. உன் கை கடுகு டப்பாவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மூடி இரண்டு மணி நேரம் குளிர வை. செய்த உடனே தின்றால் பூண்டு தனியாக, தயிர் தனியாக நிற்கும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் வைக்காதே, பூண்டு ஏறிக்கொண்டே போகும்.

எதோடு தின்பது என்றால் இங்கே முதலில் ரொட்டி. கத்தரிக்காயையும் சுரைக்காய் இனத்துப் பச்சைக் காய் ஒன்றையும் வட்டமாக அரிந்து மாவில் புரட்டிப் பொரித்து, சூட்டோடு இதில் தொட்டுத் தின்பார்கள். சூடும் குளிர்ச்சியும் சேர்கிற அந்த வாய்க்கு ஈடு கிடையாது. சுட்ட இறைச்சியைப் பீத்தா ரொட்டியில் சுருட்டித் தரும் சூவ்லாக்கி கடைகளில் உள்ளே தடவுவதும் இதுதான். நீ கத்தரிக்காய் வறுவலோடு ஆரம்பி.

போன ஞாயிற்றுக்கிழமை நானே தனியாகச் செய்து ஒரு கிண்ணம் கீழே கொண்டுபோனேன். ஆச்சி ரொட்டியைக் கிள்ளித் தொட்டு, வாயில் வைத்து, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா இதைவிடக் கூடப் பூண்டு போடுவாள்" என்றார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அன்று முழுக்க நடை தரையில் பாவவில்லை.

டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, என்னோடு வரச் சொல், நான் கூட்டிப்போகிறேன். ஆலிவ் எண்ணெயும் வினிகரும் வாங்கி வருவேன், தயிரும் பூண்டும் உன் பொறுப்பு. துணிக்கு நல்ல பருத்தியாகப் பார்த்துப் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்துக்கொள். சோப்பு வாசனை போகும்வரை வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி வை.

அன்புடன்,
உன் பழைய அறைக்காரன்