கயலுக்கு, லலித்பூரிலிருந்து

லலித்பூர்
நேபாளம்
11 பிப்ரவரி 2023, சனிக்கிழமை

அன்புள்ள கயல்,

அம்மா எழுதுகிறேன். போனில் பாதியிலேயே வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை, காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

"மூணு வாரம் இணை மந்திரியா இருக்கத்தான் ஆபரேஷன் தியேட்டரை விட்டுட்டுப் போனாங்களா?" என்று, சர்ஜன் வேலையை விட்டு இந்தத் தொகுதி எம்.பி. ஆன தோசிமா கார்க்கியைப் பற்றிப் போனில் கேட்டாயே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கணக்கு என்னவோ சரிதான். ஜனவரி நடுவில் சுகாதார இணை அமைச்சர் ஆனார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கட்சி மந்திரிகள் எல்லோரும் ராஜினாமா செய்துவிட்டார்கள். அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. கட்சித் தலைவர் ரவி லாமிச்சானேயின் குடியுரிமையில் சிக்கல் வந்து, சுப்ரீம் கோர்ட் அவருடைய எம்.பி. பதவியையே பறித்தது. மறுபடி குடியுரிமை வாங்கி வந்தவருக்குப் பிரதமர் பிரசண்டா உள்துறையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள். டிவிக்காரரான ரவியைச் சுற்றி ஐந்தே மாதத்தில் கட்டிய கட்சி, தேர்தலில் 275-க்கு 20 இடம் பிடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் காலில் முள் குத்தினால் இருபது பேரும் நொண்ட வேண்டியிருக்கிறது. அது எனக்கும் பிடிக்கவில்லை. நீ சொன்னதில் இந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன்.

மீதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2018 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? காத்மாண்டு மைதிகர் மண்டலாவில் கோஷம் போட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்து நின்றாய். கையிலிருந்த அட்டையின் சிவப்பு மை கரைந்து உன் வெள்ளைக் கோட்டின் இடுப்புப் பக்கம் முழுக்க இறங்கியிருந்தது. எலுமிச்சை தேய்த்தேன், ஆலா ஊற்றினேன். கறை ரோஸாகத்தான் ஆனது, போகவில்லை. டாக்டர் கோவிந்த கே.சி. அப்போது கர்ணாலி மலைப்பக்கம் ஜும்லாவில் பட்டினிப் போராட்டம் கிடந்தார். அது பதினைந்தாவது தடவை. எலும்பு டாக்டர், கல்யாணம் காட்சி இல்லாத மனிதர். 2012-ல் மருத்துவக் கழகத்துக்கு டீனைப் பணிமூப்புப்படி போடு என்று ஆரம்பித்தவர், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலேயே கல்லூரி மேல் கல்லூரியாகத் திறக்காதே, கர்ணாலி ஜனங்களுக்கு ஜும்லாவிலேயே டாக்டர் படிப்பைத் தொடங்கு, கட்டணத்துக்கு வரம்பு வை. கேட்டது இவ்வளவுதான். 2018 ஜனவரியில் தலைமை நீதிபதியையே ஊழல்வாதி என்று சொல்லி, நீதிமன்ற அவமதிப்பு என்று கைதானார். இரண்டு மாதத்தில் அந்த நீதிபதி பிறந்த தேதிக் குழப்பத்தில் பதவி இழந்தார் என்பது வேறு கதை.

உனக்கு அவர் தெய்வம். எனக்கும் அவர்மேல் கடன் உண்டு. நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ரசீது இல்லாமல் ஒரு தொகையை 'வெளியே' கட்டச் சொன்னார்கள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அப்பா ஊருக்குப் போய் ஒரு ஏக்கரை விற்றுவிட்டு வந்தார், உனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னோம். அதைப் பற்றி இந்த நாட்டில் வாய் திறந்து பேசிய ஒரே பெரிய டாக்டர் அவர்தான்.

ஆனால் கயல், ஜும்லாவில் ஆரம்பித்த அந்தப் பட்டினியின் 27 நாளும் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ தினமும் வந்து 'இன்னைக்கு இருபது, இன்னைக்கு இருபத்தொண்ணு' என்று எண்ணுவாய். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. ஜும்லாவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வந்து படுக்க வைத்த படத்தைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அம்மா எங்காவது இருந்து இதைப் பார்க்க வேண்டுமா என்றுதான் தோன்றியது.

அப்புறம் என்ன நடந்தது? ஜூலை 26-ஆம் தேதி அரசாங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நீங்கள் எல்லோரும் லட்டு வாங்கித் தின்றீர்கள். ஆறே மாதம். மருத்துவக் கல்வி மசோதா சபைக்குப் போனபோது ஒப்பந்தத்தில் இருந்தது வேறு, மசோதாவில் வந்தது வேறு. 2019 ஜனவரியில் அந்த மனிதர் பதினாறாவது தடவையாகப் பட்டினி உட்கார்ந்தார். அந்தத் திருத்தத்தை எழுதியவர்களும் கை தூக்கியவர்களும் உள்ளே நாற்காலியில் இருந்தார்கள். வெளியே ஒருத்தர் எலும்பும் தோலுமாக ஆகும்வரை கிடந்து வாங்கிய வரியை, உள்ளே இருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டே மாற்றிவிட்டார்கள். அந்த அறையில் ஒரு சர்ஜன் உட்கார்ந்திருந்தால் மாறியிருக்காது என்று நான் சொல்லவில்லை. எழுந்து 'இந்த வரி எங்கே போச்சு?' என்று கேட்கவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

போன வருஷம் நவம்பர் 20 ஓட்டு நாள். வண்டி எதுவும் ஓடக்கூடாது என்பதால் சாலையெல்லாம் பிள்ளைகள் பேட்மின்டன் ஆடினார்கள். நமக்கு ஓட்டு இல்லை, நான் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். வீட்டுக்கார ஆமா (இத்தனை வருஷமாகியும், நேபாளியில் அம்மாவை 'ஆமா' என்று கூப்பிடும்போது எனக்கு எதற்கோ தலையாட்டுகிற மாதிரிதான் இருக்கிறது) கட்டைவிரலில் மையோடு வந்தாள். அவள் பரம்பரை நேபாளி காங்கிரஸ். ஆயுளில் அந்தக் கட்சியின் மரச் சின்னத்தைத் தவிர வேறு எதிலும் ஸ்வஸ்திக் முத்திரை வைத்ததில்லை. இந்தத் தடவை கூட்டணிக்கு விட்டுக்கொடுத்ததில் லலித்பூர் 3-ஆம் தொகுதிச் சீட்டில் மரமே இல்லை. மாவோயிஸ்ட் பம்பா புசாலின் சுத்தியல் அரிவாள்தான் இருந்தது. பலமுறை மந்திரியாக இருந்தவர். ஆமா என்ன செய்தாள் தெரியுமா? இங்கே கட்சிக்குத் தனிச் சீட்டு, ஆளுக்குத் தனிச் சீட்டு. கட்சிச் சீட்டில் மரத்துக்கே வைத்துவிட்டு, ஆள் சீட்டில் தோசிமாவின் மணிச் சின்னத்துக்கு வைத்துவிட்டாள். "டாக்டர்னி பொண்ணு. என் தொண்டையில கட்டி வந்தா அவளுக்குத் தெரியும், அந்த மந்திரிக்கு என்ன தெரியும்?" என்றாள். இப்படி மணி அடித்த காங்கிரஸ்காரர்கள் எத்தனை பேரோ. தோசிமா ஜெயித்தார்.

மந்திரிப் பதவிதான் போனது, எம்.பி. இருக்கை அப்படியேதான் இருக்கிறது. மருத்துவக் கல்விச் சட்டம் மறுபடி சபைக்கு வந்தால் அவர் கை தூக்குகிறாரா, இல்லை தலைவர் முகத்தைப் பார்க்கிறாரா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அதற்குள் அவரைக் கேலி செய்ய நீ யார்? உனக்குப் பட்டினி கிடக்கிறவர் வேண்டும், உட்கார்ந்து வாதாடுகிறவர் வேண்டாம். கே.சி. எதையும் தொடாததால் சுத்தமாக இருக்கிறார், அவரை நேசிப்பது சுலபம்.

உன் கோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. தூக்கிப் போடவா என்று அப்பா கேட்டார், நான் வேண்டாம் என்றேன். லப்சிப் பழத்தில் செய்கிற தித்தௌரா மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், காரம் ஒன்று, இனிப்பு ஒன்று. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நைட் டியூட்டியில் மொத்தத்தையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

கீழே ஆமா கத்துகிறாள். ஆறு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. டிரம்மை நிரப்பப் போகிறேன்.

அம்மா