முட்டிக்கு உறை அப்புறம், முதலில் குதிகால்

அன்புத் தம்பிக்கு,

நீ தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் பயிற்சி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முட்டி வலிக்கிறது, உறை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குக் காசை வீணாக்காதே. பாதி இறங்கியதுமே உன் குதிகால் இரண்டும் ஒரு விரல் அளவுக்குத் தரையை விட்டு எழும்புகின்றன. பாரம் முன்பாதத்துக்குச் சாய்கிறது, முட்டிக்கு வேலை கூடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால், இறங்கும்போதும் ஏறும்போதும் பார், அதாவது எடை மாட்டுகிற இரும்புத் தண்டு, பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே இருக்க வேண்டும்.

எனக்கு முதல் சந்தேகம் உன் சப்பாத்து மேல்தான். ஓடுகிற சப்பாத்தின் அடி மெத்தென்று அமுங்கும், பாரத்தோடு நின்றால் ஆடும். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற தட்டையான கேன்வாஸ் சப்பாத்தே போதும். சுங்கை சிப்புட் கடைவீட்டு மாடி ஜிம்மில் சிலிப்பரோடு ஸ்குவாட் போடுகிறவர்களை மட்டும் பார்த்துப் பழகாதே.

அடுத்தது கணுக்கால். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட்டுப் பார். எட்டவில்லையா, கணுக்கால் இறுக்கம். அதையே தினமும் பயிற்சியாகச் செய். இளகும் வரை குதிகாலுக்கு அடியில், பாரில் மாட்டுகிற எடைத் தட்டில் 2.5 கிலோ பிளேட் ஒன்றொன்று வைத்துக்கொள். எட்டிவிட்டால் கோளாறு கணுக்காலில் இல்லை, நீ பாரை எடுத்து நிற்கிற விதத்தில் இருக்கிறது.

பாரைத் தாங்கி நிற்கிற ரேக்கின் கொக்கி உனக்கு உயரம். நுனிக்காலில் எக்கி எடுக்கிறாய். களைத்துப்போய்த் திருப்பி வைக்கும்போது எட்டாது. அக்குள் மட்டத்துக்கு இறக்கு. தலை குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்தும், பார் அதன்மேல் படக்கூடாது. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து இழு, மேல்முதுகுச் சதை திரளும். பார் அங்கேதான் உட்கார வேண்டும். பந்து விளையாடுகிற ஜெர்சி வியர்வையில் வழுக்கும், பருத்திச் சட்டை போடு.

பாரை எடுத்ததும் இரண்டு மூன்று எட்டு வைத்துப் பின்னால் போனால் போதும். கால்கள் தோள் அகலம், விரல்நுனி கொஞ்சம் வெளிப்பக்கம். மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ குத்த வருகிற மாதிரி வயிற்றை இறுக்கிக்கொண்டு இறங்கு. ஏறி முடிக்கும் தறுவாயில் விடு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படி மூச்சடக்கக் கூடாது, அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே! இடுப்பும் முட்டியும் ஒரே நேரத்தில் மடங்கட்டும். முட்டி கால்விரல் பக்கமே போகட்டும், உள்ளே சாய விடாதே. பவர்லிஃப்டிங் போட்டியில் இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பக்கத்தை விடத் தாழ வேண்டும். உனக்கு அந்தக் கட்டாயமில்லை. கீழ்முதுகு சுருண்டு மடியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நில்.

ஏறும்போது இடுப்பு முந்திக்கொண்டு நெஞ்சு பின்தங்கினால் பெரும்பாலும் பாரம் அதிகம். நீ 60 கிலோ போட்டிருக்கிறாய். 40-க்கு இறங்கு: 20 கிலோ பார், பக்கத்துக்கு ஒரு 10 கிலோ பிளேட். ஐந்து ஐந்தாக மூன்று தடவை, வாரம் இரண்டு நாள். குதிகால் ஒட்டியே இருந்தால் மட்டும் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டு. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த நாளில் ஸ்குவாட் வேண்டாம், காலில் மிச்சம் இருக்காது.

வீடியோவில் ரேக்கின் பாதுகாப்புக் கம்பி முட்டிக்கும் கீழே கிடக்கிறது. நீ இறங்கும் ஆழத்தில் பார் எங்கே வருகிறதோ, அதற்கு ஒரு துளை கீழே மாட்டு. ஏற முடியாவிட்டால் முன்னால் குனியாமல் அப்படியே உட்கார்ந்துவிடு, பாரைக் கம்பி வாங்கிக்கொள்ளும். முட்டி வீங்கினாலோ, நடக்கும்போதே வலித்தாலோ ரேக் பக்கம் போகாதே, கிளினிக்கில் காட்டு.

அன்புடன்,
அண்ணன்