அம்மாவை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

ஈசூன் அக்கம்பக்கத்தாருக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் வணக்கம்.

அம்மா இப்போது நலமாக இருக்கிறார். உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் நன்றி எதிர்வீட்டு மக்சிக்குக்கு, அந்த மலாய் அம்மாவுக்கு. வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த அம்மாவைப் பார்த்து 995க்கு அழைத்தது நீங்கள்தான். அதைவிடப் பெரிய உதவி, மேசையில் கிடந்த மூட்டுவலி மாத்திரைப் பாக்கெட்டை ஆம்புலன்சில் கொடுத்துவிட்டது. மூலிகை என்று யாரோ விற்றதை அம்மா மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தார். வலி போனது, ஆனால் முகம் உப்பியது, லேசாக இடித்தாலே தோல் கன்றியது. மாத்திரை தீர்ந்த சில நாளில் விழுந்துவிட்டார்.

அவசரப் பிரிவு டாக்டர் பாக்கெட்டைப் பார்த்ததுமே ஸ்டீராய்டு, அதாவது உடம்பு சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோன் போல வேலை செய்யும் மருந்து, கலந்திருக்கலாம் என்று சந்தேகித்தார். ரத்த அழுத்தமும் சோடியமும் மிகவும் இறங்கியிருந்தன. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கார்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டு, சலைனும் ஏற்றினார். டாக்டர், அந்த வேகத்துக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அப்புறம், என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன ஹார்மோன் சிறப்பு மருத்துவர். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கார்ட்டிசோல் சுரக்கும் அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுமாம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையில்லாமல் சுருங்கிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்குத் தேவையான கார்ட்டிசோல் சுரக்காது. அடிசன் என்ற நோய் வேறு, அதில் அட்ரினல் சுரப்பியே பழுதாகிறது, தோல் கறுக்கும், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோனும் குறையும். அம்மாவுக்கு அந்த ஹார்மோன் சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டில் சரியாகவே இருக்கிறது. அதனால் ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும் போதும், சுரப்பி விழித்துக்கொள்ள விழித்துக்கொள்ள அளவைக் குறைக்கலாம் என்றார். எனக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்று அம்மாவுக்குத் தமிழிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்த தாதிக்கு நன்றி. ஸ்டீராய்டு எச்சரிக்கை அட்டை இப்போது அம்மாவின் பர்சில் இருக்கிறது. மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குப் புகார் எழுத உதவிய மருந்தாளருக்கும் நன்றி.

நம் புளோக்கில் வேறு யாராவது அதே மாத்திரையைச் சாப்பிட்டால், நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
மகள்