காயம் ஆறிய பிறகும் எங்களைக் கூப்பிடுங்கள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் எல்லோருக்கும்,

வணக்கம். நானும் இரைப்பையைச் சிறிதாக்கும் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவள்தான். சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கிறது, மூட்டுவலி தணிந்திருக்கிறது, இரவில் மூச்சுத் திணறாமல் தூங்குகிறேன். அதற்கு என்றைக்கும் நன்றி. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: காயம் ஆறியதும் எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

முதலில் தயாரிப்பு. அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் மிகக் குறைவாகச் சாப்பிடச் சொல்கிறீர்கள், சரி. ஏன் என்றும் சொல்லுங்கள். கொழுப்பு சேர்ந்து பெருத்த கல்லீரல் இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும், அது சுருங்கினால் அறுவை பாதுகாப்பாக நடக்கும் என்று தெரிந்தால், பசியோடு இருக்கும் ஆளுக்கு அந்த நாட்களைத் தாண்ட ஒரு பிடிப்பு கிடைக்கும்.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அந்தத் தாள். முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று ஆறு, எட்டு வாரத்தோடு அது முடிந்துவிடுகிறது. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று அதில் எழுதியிருக்கும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்றும் இருக்கும். எப்படிச் செய்வது என்று இருக்காது. மருந்து ஊற்றும் சின்னக் குவளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மிடறு மிடறாகக் குடித்தால்தான் அந்த ஒன்றரை லிட்டர் சேரும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்கு முன்பே அறுவை செய்துகொண்ட ஒரு அக்கா. அப்படிப்பட்ட ஒருவரை அறுவைக்கு முன்பே எங்களோடு பேச வையுங்கள்.

வாந்தி விஷயத்தை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள்கணக்கில் வாந்தி எடுப்பவர் உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், சில வாரங்களிலேயே தீர்ந்துபோகலாம். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும், மனம் குழம்பும். தாமதித்தால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவசரத்துக்கு நாங்கள் ஓடும் வேறொரு மருத்துவமனையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டாமா? உங்கள் தொலைபேசியை எடுப்பவர் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி வைத்துவிடக் கூடாது. எங்கள் கையில் ஒரு அட்டை கொடுங்கள்: என்ன அறுவை, எப்போது, எந்த மருந்து ஆகாது என்று. இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் அறுவை, செய்தவர்களுக்கு இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றுக்குள் புண் உண்டாக்கலாம் என்பது மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடி உதிர்வதையும், ஒரு வருடமாவது, முடிந்தால் ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொத்தாக வரும்போது, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்று கேட்டிருந்தால் பாதி பயம் போய்விடும்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டியவை. பி12 குறைபாடு வெளியே தெரிய வருடங்கள் ஆகலாம். அதற்குள் உங்களுக்கும் எங்களுக்கும் தொடர்பே அறுந்திருக்கும். வருடா வருடம் ரத்தப் பரிசோதனைக்கு நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

ஏனென்றால், ஒன்றிரண்டு வருடத்தில் பசி மெல்லத் திரும்புகிறது, சில கிலோ ஏறுகிறது. உடல் பழைய எடையைத் தேடுவது உடல் பருமன் என்ற இந்த நோயின் இயல்பு என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கோ அது அவமானம். உங்களை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் நாங்கள் வராமல் ஒளிந்துகொள்கிறோம். கோப்பில் "தொடர்ந்து வரவில்லை" என்று எழுதி மூடிவிடாமல், ஒரு ஆளை நியமித்துக் கூப்பிடச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் எடையைக் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட முடிகிறது, மாத்திரை போடுகிறீர்களா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் அறுவை செய்துகொண்டவர்களில் ஒருத்தி