டிசம்பர் மாதத்துப் பாடகர்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூர்க் குளிர் உங்கள் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை என்பதை அறிந்து வருந்தினேன். இங்கே வழக்கம்போல் பருவமழை கொட்டுகிறது. ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதிகளிலோ நவம்பரிலிருந்தே பனியைப் பற்றிய பாடல்கள்தாம். கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் நினைக்கப்படும் பாடகர்கள் பாவம் என்று எழுதியிருந்தீர்கள். அதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

உங்கள் இரக்கத்துக்கு முழு உரிமை உடையவர் பாபி ஹெல்ம்ஸ். 1957ஆம் ஆண்டில் ‘ஃப்ராலைன்’, ‘மை ஸ்பெஷல் ஏஞ்சல்’ என்ற அவருடைய இரண்டு பாடல்கள் அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன; அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஜிங்கிள் பெல் ராக்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டு அந்த இரண்டையும் விழுங்கிவிட்டது. அந்தப் பாட்டைத் திருத்தி வடிவம் கொடுத்ததில் தமக்கும் கிட்டார் கலைஞர் ஹாங்க் கார்லண்டுக்கும் பெரும்பங்கு உண்டு என்று ஹெல்ம்ஸ் சொல்லிவந்தார்; ஆனால் இயற்றியவர்கள் என்று பதிவானவை வேறு இருவரின் பெயர்கள். அமெரிக்காவில் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் இயற்றியவருக்குத்தான் பணம், பாடியவருக்கு ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுதோறும் நாடெங்கும் தம் குரல் ஒலிக்கக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரின் மனநிலை நமக்கு ஓரளவு விளங்கும். அவர் 1997இல் காலமானார்.

ஆனால் பாடலாசிரியர் ஜானி மார்க்ஸை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. யூதரான அவர், தம் மைத்துனர் எழுதிய சிவப்பு மூக்குக் கலைமான் கதையைப் பாட்டாக்கினார். 1949இல் ஜீன் ஆட்ரி பாடி அது ஊரெல்லாம் பரவியது. அதன்பின் மார்க்ஸ் தம் இசைப் பதிப்பு நிறுவனத்துக்கே கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவரான புனித நிக்கோலஸின் பெயரைச் சூட்டிக்கொண்டு, அந்த ஒரு பண்டிகைக்காகவே தொடர்ந்து எழுதினார். ஒரே பருவத்தில் காய்க்கும் மாமரத்தைப் பார்த்து யாராவது இரக்கப்படுகிறார்களா?

அவர் எழுதிய ‘ராக்கிங் அரவுண்ட் தி கிறிஸ்துமஸ் ட்ரீ’ பாட்டைப் பிரெண்டா லீ 1958இல் பதிவு செய்தபோது அவருக்கு வயது 13. வெளிவந்த புதிதில் அது பெரிதாக எடுபடவில்லை. 1960இல் ‘ஐயாம் சாரி’ என்ற பாட்டுக்கு முதலிடம் கிடைத்த பிறகுதான் மக்கள் இதையும் தேடி வாங்கினார்கள். இணையவழிக் கேட்பும் கணக்கில் சேரும் இக்காலத்தில், 2023 டிசம்பரில், அதே பழைய பதிவு அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. அப்போது அந்த அம்மையாருக்கு 78 வயது. என் பேத்தியிடம் ‘ஐயாம் சாரி’யைப் போட்டுக் காட்டினேன், பாடுவது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் அடியிலேயே உடன் பாடத் தொடங்கிவிட்டாள். 1960இன் வெற்றிப் பாட்டு ஒவ்வொரு நாளும் புதுப் பாட்டுகளோடு போட்டியிட்டுத் தோற்க வேண்டியிருக்கிறது. பண்டிகைப் பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் டிசம்பரில் மக்கள் புதியதைத் தேடுவதில்லை, போன ஆண்டு கேட்டதையே கேட்க விரும்புகிறார்கள்.

நம்மவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இந்தச் சிறையில் அகப்படவில்லை. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர் என்றாலும், அவருடைய கீர்த்தனைகளை நம் சபைகளில் ஆண்டு முழுவதும் பாடுகிறோமே!

எங்கள் கேரல் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் வீடு வீடாகப் போகும் அந்தச் சில இரவுகளுக்கு மட்டுமே அவரை அழைக்கிறோம். ஜனவரி பிறந்ததும் அவர் எங்கே இருக்கிறார் என்றுகூட ஒருவரும் விசாரிப்பதில்லை. ஊருக்கு உபதேசம் எழுதிக்கொண்டிருக்கும் நானும் விசாரித்ததில்லை. சென்ற ஞாயிறு ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான், அவர் சொந்தமாகப் பல பாடல்களுக்கு மெட்டமைத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவற்றில் ஒன்றுகூடக் கிறிஸ்துமஸ் பாட்டு இல்லையாம். நீங்கள் பிப்ரவரியில் இங்கு வருவது உறுதி என்றால் உடனே எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை அவரை நம் வீட்டுக்கு அழைத்து, அவற்றைப் பாடச் சொல்லிக் கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்