மூடி போட்ட தூக்குவாளிக்கு நன்றி

அன்புடையீர்,

நேற்றுக் காலை அப்பா அரை டம்ளர் காபியை, நடுவில் ஒருமுறைகூடத் துப்பாமல், குடித்து முடித்தார். அவருடைய நிலையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் நடந்தவற்றை விட்டுவிட்டு நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

உணவுக்குழாயில் புற்று அடைத்தால் சோறு இறங்காது என்பது எல்லோருக்கும் புரியும். ஊறுகிற உமிழ்நீர்கூட இறங்காது என்பது கூடவே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தாம் உண்ட எச்சில் தட்டைப் பிறர் எடுக்க ஒருநாளும் விடாத அப்பா, பார்க்க யாராவது வந்தால் துப்பும் சொம்பைத் துண்டுக்கடியில் மறைத்துவிட்டு, வாயில் ஊறியதை அடக்கியபடி தலையசைப்பார். சற்று நேரத்தில் புரையேறித் தவிப்பார். யாரும் சொல்லாமலே இதைக் கவனித்தவர் அப்பா இருந்த மருத்துவமனை வார்டின் ஆயாம்மா. மறுநாள் தம் வீட்டிலிருந்து மூடி போட்ட சிறிய தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் வலக்கைக்கு எட்டும்படி வைத்தார். பார்வையாளர்கள் வரும் வேளையில் விரிப்பைச் சரிசெய்பவர்போலக் கட்டிலை மறைத்து நிற்பார். மூடி சாத்தப்படும் ஓசை கேட்டதும் நகர்ந்துவிடுவார். அதைக் கழுவித் தந்தபோது அப்பா கைகூப்ப, "வெந்நீர்ல கழுவியிருக்கேன் ஐயா, வாடையே இல்ல பாருங்க" என்று மட்டும் சொன்னார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அப்பா வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

இனிக் குணப்படுத்த இயலாது என்பதை மறைக்காமல் சொல்லி, உணவுக்குழாய்க்குள்ளிருந்தே செலுத்தும் உள்கதிர்வீச்சின் பலன் மெதுவாகத் தெரிந்தாலும் கூடுதல் நாள் நிற்கும், ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் ஓரிரு நாளிலேயே வழிவிடும் என்று இரண்டையும் விளக்கி, முடிவை அப்பாவிடமே விட்ட மருத்துவர்களுக்கும், நிமிர்ந்து உட்கார்ந்து சிறு கரண்டியாக உண்ணவும் இடையிடையே வெதுவெதுப்பான நீர் பருகவும் பழக்கி, ரொட்டியையும் நார் மிகுந்த காய்களையும் விலக்கச் சொன்ன செவிலியர்களுக்கும், பணமாகவும் வண்டியாகவும் இரவுத்துணையாகவும் வந்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நோயாளியைக் காணச் செல்லும் இடத்தில் முதல் வார்த்தையாகச் "சாப்பிட்டீங்களா?" என்று இனி நான் கேட்க மாட்டேன். அன்பாகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அப்பாவின் கண்கள் எங்கே போயின என்பதைப் பார்த்தவன் நான்.

அந்தத் தூக்குவாளி இப்போது எங்கள் அடுக்களை மேடையில் கவிழ்ந்திருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அதைத் திருப்பித் தருவதோடு, அதே அளவில் பத்து வாங்கி அந்த வார்டில் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தாமே பார்த்து வாங்குவாராம்.

நன்றியுடன்,
மகன்