புழுக்கையைப் பூங்காவிலேயே பாருங்கள், ஐயா

மதிப்பிற்குரிய பூங்கா இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 7-ஆம் அடைப்பில் செத்த வெளிமானைப் பற்றி நான் எழுதித்தான் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கோப்பு தங்கள் மேசைக்கு வந்தது, கையெழுத்தாகித் திரும்பியது. ‘குடற்புழு நீக்கம் அட்டவணைப்படி செய்யப்பட்டுள்ளது’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்த மடல். போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டேன். மெமோ வருமே என்ற பயம் விட்டுப்போன துணிச்சலில் எழுதுகிறேன்.

அட்டவணைப்படி என்றால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பொடி வரும். 21 மான்களுக்கும் சேர்த்து அளந்து, தவிட்டில் பிசைந்து, ஒரே தொட்டியில் கொட்டுவோம். முதலில் வருவது முறுக்குக் கொம்பு ஆண் மான். அது தின்று நகரும்வரை மற்றவை பத்தடி தள்ளி நிற்கும். பிறகு அதற்கு அடுத்த பெரியவை. சினையும் கிழடும் நோஞ்சானும் கடைசியாக வந்து தொட்டியின் பலகையை நக்கும். எதற்கு மருந்து அதிகம் வேண்டுமோ அதற்குப் பலகைதான் மிச்சம். அரைகுறை மருந்தில் தப்பிய புழுக்கள் பெருகப் பெருக, பிறகு முழு மருந்தே கொடுத்தாலும் கேட்காது. நான் பார்த்த காலமெல்லாம் அதே மருந்து, அதே தவிடு.

செத்தது பலகை நக்கியவற்றில் ஒன்று. கார்த்திகை மழையின்போது அதன் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. கழிச்சல் இல்லை, புழுக்கை கறுத்து உருண்டு நன்றாகவே விழுந்தது. இந்தப் புழுவின் வஞ்சகமே அதுதான். சத்தமில்லாமல் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். உடற்கூறாய்வின்போது விளக்குப் பிடித்தவன் நான். ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது. இரைப்பையைக் கீறியதும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல்துண்டுகள் சுவரெல்லாம் நெளிந்தன. ஹீமாங்கஸ் என்றார் மருத்துவர். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடுமாம்.

இதற்குப் பத்து நாள் முன்புதான் அந்த அடைப்பின் புழுக்கைச் சோதனை அறிக்கை வந்திருந்தது: ‘முட்டைகள் காணப்படவில்லை.’ எப்படிக் காணப்படும்? வெள்ளிக்கிழமை மாலை நான் பொறுக்கிக் கட்டிய பொட்டலம் சனியும் ஞாயிறும் அலுவலக அலமாரியில் கிடந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறியது. செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் பிரித்தார்கள். மழைக்காலமானாலும் நம் ஊர்ச் சூட்டுக்கு அந்த முட்டை ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். தேடியவர்கள் மேல் குற்றமில்லை. பொரிந்த பிறகு தேடச் சொன்னோம்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். மருந்து வைப்பதற்கு முன்பும், வைத்து இரண்டு வாரம் கழித்தும், புழுக்கையைப் பூங்காவிலேயே, எடுத்த அன்றைக்கே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். உப்பை நன்றாகக் கரைத்த நீரில் புழுக்கையைக் கரைத்தால் முட்டை மேலே மிதக்கும். நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டியதுதான். நுண்ணோக்கியும் நம்மிடம் இருக்கிறது. பல்பு போய் நான்கு ஆண்டு ஆகிறது. உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம், தணிக்கையில் கணக்கு சரியாக வரும்.

இதே நான்கு ஆண்டில் வாசல் வளைவுக்கு இரண்டு முறை வர்ணம் அடித்தாயிற்று. செல்ஃபி எடுத்துக்கொள்ளச் சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்தது. அதற்குக் குடற்புழு இல்லை, நலமாக இருக்கிறது. புலிக்குட்டிக்குப் பெயர் சூட்டு விழா நடந்தது. அந்தக் குட்டி புரளும் மண்தரையில் வட்டப்புழு முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது என்பதை விழா மேடையில் யாரும் பேசவில்லை. ஒடிசாவின் நந்தன்கானன் விலங்குக் காட்சிசாலையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2000-ஆம் ஆண்டில் அங்கே பத்துக்கும் மேற்பட்ட புலிகள் போயின, டிரிபனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணியால். கடிக்கும் ஈ சுமந்து திரிவது அது. நம் சுற்றுச்சுவர் ஓரம் மேயும் மாடுகளையும் அவற்றின்மேல் மொய்க்கும் ஈக்களையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வரும். காப்பாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று விதி இருக்கிறது, எங்கள் நோய் விலங்குக்குப் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில். குரங்குக் கூண்டைக் கழுவிய கையோடு சோறுண்ட எங்களுக்கு என்ன வந்தது என்று இத்தனை ஆண்டில் ஒருவரும் கேட்டதில்லை. எங்கெங்கோ போகிறேன், மன்னியுங்கள்.

புல்லைத் தரையில் வீசாமல் இடுப்புயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். ஆடு மேயும் ஏரிக்கரையில் அறுத்த புல் வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லலாம்; ஆட்டின் வயிற்றிலிருக்கும் இதே புழுவின் குஞ்சுதான் ஈரப்புல்லில் ஏறி நம் மானுக்குள் போகிறது. இவையெல்லாம் தங்கள் வசதிப்படி செய்யுங்கள். புழுக்கையைப் பூங்காவிலேயே பார்ப்பது மட்டும் வசதிப்படி வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன். செத்த மானின் குட்டி, காதில் கிழிசல் உள்ளது, தாய் நின்ற இடத்திலேயே பலகைக்காகக் காத்து நிற்கிறது. அடுத்த மருந்து நாள் 15-ஆம் தேதி. 14-ஆம் தேதி காலையில் அதன் புழுக்கையை எடுத்து, நண்பகலுக்குள் பார்த்துச் சொல்ல ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பல்பை வேண்டுமானால் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
7-ஆம் அடைப்பின் முன்னாள் காப்பாளர்